கையை விட்டுப் போன மீன்கள்: உங்கள் கதையையும் சொல்லுங்கள்

பிடித்த மீனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்காதவர் நம்மில் இல்லை. போன மீனைப் பற்றித்தான் ஒருவரும் வாய் திறப்பதில்லை. சரி, நானே தொடங்குகிறேன்.

இடம் யாழ்ப்பாணத்துப் பொன்னாலைப் பாலம், காரைநகருக்குப் போகிற தெரு. போன பங்குனி மாதம், விடிய ஐந்தரை இருக்கும். கடல் வெள்ளம் பெருகி, வற்றத் தொடங்கியிருந்தது. மதகுக்குக் கீழால் தண்ணீர் இழுக்க, மணலை மீன் குஞ்சுகளும் கூடவே இழுபட்டு வந்தன. அந்த நேரத்தில் கொடுவா மீன் அலைந்து திரியாது. தூணுக்குப் பின்னால், ஓட்டம் உடைகிற இடத்தில் நின்றுகொண்டு வருவதை உறிஞ்சும். உள்ளங்கையைக் குழித்துத் தண்ணீரில் அறைந்தால் வருமே ஒரு 'டொப்', அதே சத்தம். அன்று மூன்று தரம் கேட்டது. மூன்றாவது கேட்டபோது என் கை நடுங்கத் தொடங்கிவிட்டது.

கையில் இருந்தது கனடாவிலிருந்து வந்த மச்சான் விட்டுவிட்டுப் போன றொட், 4000 அளவு றீல், 30 இராத்தல் தாங்குகிற பிறெயிட், அதாவது பின்னல் நரம்பு. அதன் நுனியில் கட்டுகிற தடித்த நரம்புத் துண்டு, லீடர், அதைக் கட்டவில்லை. இருட்டில் இரண்டு நரம்பை ஒன்றாக முடிச்சுப் போட யாருக்குப் பொறுமை இருக்கிறது? லூரை, அந்தப் பொய் மீனை, நேரே பிறெயிட்டிலேயே கட்டினேன். போதாததற்கு இன்னொரு வேலையும் பார்த்தேன். தூணெல்லாம் சிப்பி அப்பிக் கிடக்கிறது, மீன் அங்கே ஓடினால் நரம்பு அறும் என்று பயந்து டிராக்கை, மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கிற றீல் பிடியை, முறுகும்வரை இறுக்கிவிட்டேன்.

நாலாவது எறி. இரண்டு சுற்றுச் சுற்றியிருப்பேன். றொட் கையிலிருந்து பிடுங்குப்படப் பார்த்தது. மீன் முழு உடம்போடு வெளியே வந்து தலையை உதறியது. தலையில் கட்டியிருந்த டோர்ச் வெளிச்சத்தில் அதன் கண் தணல் மாதிரிச் சிவந்தது. வாயோரத்தில் என் பச்சை லூர் தொங்கியது. இரண்டாவது உதறலோடு நரம்பு தளர்ந்துபோனது. சுற்றி எடுத்து நுனியைப் பார்த்தேன். இழுபட்டு அறுந்தால் நுனி பிசிறடித்திருக்கும். இது பிளேட்டால் வெட்டின மாதிரி இருந்தது.

பக்கத்தில் ஒரு ஐயா, சோடாப் போத்தலில் சுற்றிய தங்கூசி நரம்பும் பாண் உருண்டையுமாக ஓரா மீனுக்குக் குந்தியிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"கொடுவா தம்பி. செவுளிலை கத்தி வைச்சிருக்கும்."

கொஞ்ச நேரம் கழித்து, "உந்தப் பிளாஸ்ரிக் மீன் என்ன விலை?"

"மூவாயிரத்து ஐந்நூறு, ஐயா."

"அந்தக் காசுக்கு நான் ஒரு கொடுவாவையே வாங்கிக் காய்ச்சியிருப்பன்."

வீட்டுக்கு வந்து ஆற அமர யோசித்தபோது இரண்டு பிழையும் என்னுடையதுதான் என்று விளங்கியது. கொடுவாவின் செவுள் மூடி விளிம்பு உண்மையிலேயே வெட்டும். பிறெயிட் மெல்லியது, இழுவாது, உரசலையும் தாங்காது. முன்னால் ஒரு பாகம், அதாவது இரண்டு கையும் விரித்த நீளத்துக்கு, 50 இராத்தல் நைலோன் கட்டியிருந்தால் நரம்பு தப்பியிருக்கும். டிராக்கை நரம்பின் பலத்தில் கால்பங்கிலிருந்து மூன்றிலொரு பங்குக்குள் வைக்க வேண்டும். அதாவது 30 இராத்தல் நரம்புக்கு எட்டு, மிஞ்சினால் பத்து. வில்தராசைக் கொளுவி இழுத்துப் பார்த்தால் கணக்குச் சரியாக வரும். நான் கையால் இழுத்துப் பார்த்து "காணும்" என்கிற ஆள். உங்களில் பாதிப்பேரும் அப்படித்தான், எனக்குத் தெரியும்.

*

உங்களுடையது முழு மீன். எனக்குப் போனது முக்கால் மீன்.

நான் பருத்தித்துறை. சித்திரையில் எங்கள் பக்கம் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், அப்போதுதான் ட்ரோலிங் போவது, ஓடுகிற போட்டுக்குப் பின்னால் தூண்டில் விட்டு இழுப்பது. தெரிந்த ஒருவருடைய பிளாஸ்ரிக் போட். இந்திய இழுவைப்படகுகள் வந்துபோன இரவுக்கு மறுநாள் அவர் கடலுக்கு இறங்கமாட்டார், "வழிச்சுத் துடைச்சுப் போட்டாங்கள், போய் என்ன பாக்கிறது" என்பார். இலங்கையில் இழுவைமடிக்கு 2017-இல் சட்டத்தடை வந்தது. எல்லை தாண்டி வருகிறவர்களுக்கு அது பொருட்டில்லை. அந்தக் கதையைத் தொடங்கினால் முடியாது, விடுவோம்.

கிழக்கே ஓடி, நிலம் மங்கின பிறகு இரண்டு தூண்டில் விட்டோம். அறக்குளா மீன் என்றபடியால் முன்னால் கம்பி லீடர். அதன் பல்லுக்கு நைலோன் கரும்பு மாதிரி. ஏழு மணிக்குப் பிறகு ஒன்று அடித்தது. றீல் கத்தின கத்தலில் போட்காரர் என்ஜினைக் குறைத்துவிட்டு, "விடு, ஓடட்டும், ஓடட்டும்" என்றார். முதல் ஓட்டத்தில் இருநூறு மீற்றர் போயிருக்கும். திருப்பி, அது களைத்து, போட்டிலிருந்து முப்பது முழத்துக்கு வந்துவிட்டது. பக்கவாட்டில் வெள்ளி மின்னினது தெரிந்தது. மீற்றருக்கு மேல் நீளம்.

அப்போது திடீரென்று பாரம் இரண்டு மடங்கானது. பிறகு ஒன்றுமே இல்லாத மாதிரி இலேசானது. சுற்றி எடுத்தால் தலையும் ஒரு சாண் உடம்பும். சுறாவின் வேலை. வெட்டு அத்தனை துப்புரவு, முள்ளெலும்பு வட்டமாகத் தெரிந்தது. வாய் இன்னும் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

நான் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். போட்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "ரெண்டு கிலோ தேறும். இண்டைக்குக் கூழ்." அன்றிரவு அவர் வீட்டு முற்றத்தில் ஒடியல்மாக் கூழ். பத்துப்பேர் பிலாவிலையில் குடித்தோம். சுறா சாப்பிட்ட பங்கைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை.

ஒன்று மட்டும் சொல்லலாம். மீனை நான் விளையாட்டுக் காட்டி நேரம் கடத்தினேன். சுறா திரிகிற இடத்தில் அதற்கு நேரம் கொடுக்கக்கூடாது.

*

என்னுடையது சிறு கதை. மண்டைதீவுப் பக்கம் முழங்கால் தண்ணீரில் நடந்து பாரைக்கு எறிந்தேன். ஒன்று கொளுவினது. அதன் பின்னால் ஓடப்போய்க் காலைத் தூக்கி வைத்தேன், திருக்கையின் மேல். மீனும் போச்சு, றொட்டும் போச்சு, செருப்பும் போச்சு.

வலி எப்படி என்று கேட்காதீர்கள். கரைக்குத் தூக்கிக்கொண்டு வந்த கடற்றொழிலாளி பக்கத்து வீட்டில் சுடுதண்ணீர் வாங்கிக் காலை அமிழ்த்திவிட்டார். தாங்கக்கூடிய சூடு, 45 பாகைக்கு மேல் போகக்கூடாது, தோல் வெந்துவிடும். காலில் வலி இருக்கும்போது சூடு சரியாகத் தெரியாது, ஆகவே வேறொருவர் கையை விட்டுப் பார்க்க வேண்டும். கால் மணித்தியாலத்தில் அழுகை நின்றது. அதோடு விடவில்லை, ஆசுப்பத்திரிக்கும் போனோம். திருக்கையின் வால்முள்ளின் துண்டு ஒன்று உள்ளே இருந்தது.

இப்போது அந்தத் தண்ணீரில் நான் காலைத் தூக்குவதே இல்லை. மணலில் தேய்த்துத் தேய்த்து நடப்பேன். திருக்கை அந்த அதிர்வுக்கு விலகிப்போய்விடும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

*

முதல் கதைக்கு ஒரு சொல். அந்தக் கொடுவா போனதில் எனக்குச் சந்தோசம். கொடுவா முதலில் ஆணாக இருந்து, வளர்ந்த பிறகுதான் பெண்ணாக மாறும். பெரிதாகப் பிடிபடுவது அநேகமாக முட்டை மீன். தொண்டைமானாற்றில் ஒரு பெரியதை நான் விட்டபோது கரையில் நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. ஒரு அம்மா, "தம்பிக்குச் சுகமில்லையோ" என்று என் நண்பனிடம் கேட்டா. அதற்காக வீட்டுச் சட்டிக்குப் பிடிக்கிறவரிடம் போய் "விடுங்கோ" என்று நான் சொல்லமாட்டேன். எனக்குச் சம்பளம் இருக்கிறது, விளையாட்டுக்குப் பிடிக்கிறேன், விடுகிறேன்.

*

நான்தான் மறுபடியும். முட்டை மீன் கதை எனக்குத் தெரியாது, நன்றி. ஆனால் சந்தோசப்பட அவசரப்படாதீர்கள், மிச்சத்தையும் கேளுங்கள்.

பத்து நாள் கழித்து அதே பாலத்துக்குப் போனேன். இந்தமுறை லீடர் உண்டு, வில்தராசு உண்டு, மீன்தான் இல்லை. ஐயா அதே இடத்தில் குந்தியிருந்தார். என்னைக் கண்டதும் மடியிலிருந்து ஒரு தாள் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். உள்ளே என் பச்சை லூர். வயிற்றுப் பக்கத்து மும்முனைத் தூண்டிலில் ஒரு முனை நிமிர்ந்திருந்தது, வண்ணம் உரிந்து பல்லுப் பட்ட மாதிரிக் கோடுகள்.

"மருமோன்ரை சிறகுவலையிலை பட்டது. வாயிலை உன்ரை சாமான் கொளுவினபடி."

"எவ்வளவு நிறை, ஐயா?"

தங்கூசியை ஒருமுறை சுண்டிப் பார்த்தார்.

"அதைக் கேட்டு நித்திரையைக் கெடுக்காதை. ஓரா கடிக்குது, இரு."