அம்மா உள்ளங்காலில் சூட்டுக் கொப்புளம், சர்க்கரை வேற. மதுரைக்காரங்க வழி சொல்லுங்க

வணக்கம் மக்களே. அம்மாவுக்கு 61 வயசு, சர்க்கரை வந்து 14 வருஷம். போன வெள்ளிக்கிழமை வேண்டுதல்னு வெறுங்காலோட திருப்பரங்குன்றம் கிரிவலம் போயிருக்காங்க. திரும்பும்போது உச்சி வெயில், தார் ரோடு. சுட்டதே தெரியலையாம். ராத்திரி பார்த்தா வலது உள்ளங்காலில் எட்டணா அகலத்துக்குக் கொப்புளம். சர்க்கரை நரம்பை மரத்துப்போக வச்சிரும்னு எங்கேயோ படிச்சது அப்பத்தான் உறைச்சது.

அதுக்குள்ள பக்கத்து வீட்டு அத்தை பல் தேய்க்கிற பேஸ்ட்டைத் தடவிட்டாங்க (நல்ல மனசுதான், என்ன சொல்ல!). மெல்லக் கழுவி எடுத்துட்டு மறுநாள் டாக்டர்கிட்ட காட்டினோம். கொப்புளத்தை உடைக்காதீங்க, தினம் கட்டு மாத்துங்க, வீட்டுக்குள்ளகூட செருப்பில்லாம நடக்காதீங்கன்னார். டிடி ஊசியும் (டெட்டனஸ் வராம இருக்கப் போடுறது) போட்டார். அஞ்சு நாளாச்சு, கொப்புளம் தானா உடைஞ்சு ஓரம் சிவந்திருக்கு. காலையில வெறும் வயித்துல சர்க்கரை 210. இன்னைக்குச் சாயங்காலமே திரும்பக் கூட்டிட்டுப் போறேன்.

பெரியாஸ்பத்திரியில சர்க்கரைக் கால் புண்ணை எந்த ஓ.பி.யில, எந்தக் கிழமை பார்ப்பாங்க? கே.கே. நகர், அண்ணா நகர் பக்கம் இதை நல்லா பார்க்கிற டாக்டர் இருந்தா சொல்லுங்க. புண் ஆறினதும் போட எம்.சி.ஆர். செருப்பு (சர்க்கரைக்காரங்க காலுக்கு மெத்துனு இருக்கிற ரப்பர் செருப்பு) வேணும், அளவெடுத்துத் தைக்கிற கடை எங்க இருக்கு? மஞ்சள், கத்தாழை, தேங்காயெண்ணெய் வைத்தியம் மட்டும் வேண்டாம், அதுக்கு வீட்லயே ஆள் இருக்கு.