ராஜாளியின் டியூ-142: பார்த்தவர்கள், கேட்டவர்கள், வேலை செய்தவர்கள்

தக்கோலத்துக்காரன்:

கடற்படையின் 312-ஆம் விமானப் படையைக் கலைத்துவிட்டார்களா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். காகிதத்தில் கலைக்கவில்லை. எண்ணும் அல்பட்ராஸ் என்ற பெயரும் இப்போது பின்னால் வந்த பி-8ஐ விமானங்களுக்குப் போய்விட்டன. ஆனால் அரக்கோணம் சுற்றுவட்டாரத்தில் என் வயதுக்காரர்களைக் கேளுங்கள், 2017 மார்ச் 29-ஆம் தேதியோடு அந்தப் படை முடிந்தது என்றுதான் சொல்வார்கள். கடலில் நீர்மூழ்கிகளைத் தேடிய டியூ-142எம் விமானங்கள் ஓய்வு பெற்ற நாள் அது. என் கணக்கும் அதுதான்.

சோவியத் யூனியனிடம் வாங்கிய 8 விமானங்கள். 1988 ஏப்ரலில் கோவாவின் டபோலிம் தளத்தில் படை தொடங்கியது. 1992-இல் அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி என்ற கடற்படை விமானத்தளம் திறந்த பிறகு இங்கே வந்து சேர்ந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத்தளம் இருந்த இடம் இது. இப்போதைய ஓடுதளம் 4 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். இவ்வளவு பெரிய விமானம் எரிபொருள் முழுக்க நிரப்பிக்கொண்டு கிளம்ப அவ்வளவு நீளம் தேவைப்பட்டது.

இதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. சின்ன வயதில் எங்களுக்குத் தெரிந்தது சத்தம்தான். ஜெட் மாதிரி காதைக் கிழிக்காது, அடிவயிற்றில் இறங்கும் உறுமல். அலமாரியில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். "வந்துட்டான் ரஷ்யாக்காரன்" என்பாள் பாட்டி. பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா செய்யுளைப் பாதியில் நிறுத்துவார், விமானம் போனதும் விட்ட சீரிலிருந்து தொடங்குவார்.

நான்கு இன்ஜின்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு புரொப்பல்லர்கள். புரொப்பல்லர் இறக்கைகளின் நுனிகள் ஒலியின் வேகத்தையே தாண்டுமாம். கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக்கே இந்தச் சத்தம் கேட்கும் என்பார்கள். முயல் பிடிக்கப் போகிறவன் பறையடித்துக்கொண்டு போனமாதிரிதான்! அப்படியும் அந்தக் காலத்தில் இதற்கு இணையாக நெடுந்தூரம் போய்வர நம் கடற்படையிடம் வேறு விமானம் இல்லை.

கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் எங்களுக்குக் காஞ்சிபுரம் - அரக்கோணம் பாசஞ்சர்தான். தக்கோலம் தாண்டியதும் தண்டவாளம் ஓடுதளத்தின் முனையை ஒட்டிப் போகும். விமானங்களுக்கு இடைஞ்சல் என்பதால் அந்தப் பகுதியில் மட்டும் மின்கம்பி போட முடியாமல் டீசல் வண்டியே ஓடியது. கடைசியில் பாதையையே விலக்கிப் போட்டு, 2019-இல்தான் சென்னை வட்ட ரயில் சாத்தியமானது. அந்த டீசல் வண்டியின் ஜன்னலில் உட்கார்ந்திருந்தபோது ஒருமுறை தலைக்கு மேலே இறங்கியது. சக்கரங்கள் வெளியே, வயிறு முழுக்கச் சாம்பல் நிறம், வாலடியில் பீரங்கி. எதிர் சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தினமும் பார்க்கிறவர் போல.

மற்றவர்களும் சொல்லுங்கள்.

பழைய கடற்படை ஆள்:

தொண்ணூறுகளில் ராஜாளியில் தரைப் பணியில் இருந்தேன். எழுதக்கூடிய அளவுக்கு மட்டும் எழுதுகிறேன்.

விமானத்துக்குள் ஏறும் வழி முன் சக்கரம் மடங்கும் குழிக்குள் இருக்கிறது. ஏணி வைத்து, குனிந்து, தலையை இடித்துக்கொண்டு ஏற வேண்டும். பின்னால் இருக்கும் துப்பாக்கி வீரருக்குத் தனி அறை, தனி வாசல். உள்ளே கருவிப் பலகைகளில் எழுத்தெல்லாம் ரஷ்ய மொழி. முதல் செட் ஆட்கள் அப்போது சோவியத் யூனியனில் இருந்த ரிகா நகருக்குப் போய்ப் பயிற்சி எடுத்தவர்கள், அவர்களிடம்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம். தூத்துக்குடிப் பையன் ஒருவன் எங்களோடு இருந்தான். ரஷ்ய வார்த்தைகளை நோட்டில் தமிழில் எழுதி வைத்து மனப்பாடம் செய்வான்.

நீர்மூழ்கியைத் தேடுவது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். சோனோபாய் என்ற மிதவைகளைக் கடலில் வரிசையாகப் போடுவார்கள். மிதவை மேலே நிற்கும், அதிலிருந்து ஒரு கேபிளில் ஒலிவாங்கி கீழே இறங்கும். அது கேட்பதை மிதவை ரேடியோ மூலம் விமானத்துக்கு அனுப்பும். உள்ளே ஹெட்போன் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கேட்பது ஒரு தனி வேலை. பத்து மணி நேரத்துக்கு மேல் பறந்துவிட்டு இறங்குகிறவர்களிடம் ஐந்து நிமிடம் பேசவே கூடாது, தேநீர் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

சோவியத் யூனியன் உடைந்த பிறகு உதிரிபாகம் வாங்குவது பெரும் பாடாகிவிட்டது. அப்படியும் 29 ஆண்டு, 30,000 மணி நேரம், ஒரு விபத்து கிடையாது. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் வரும், மன்னிக்கவும்.

திருவள்ளூர் சீசன் டிக்கெட்:

நான் பார்த்தது 2015 டிசம்பர் வெள்ளத்தில். மீனம்பாக்கம் மூழ்கி விமான நிலையத்தை மூடினார்களே, அப்போது ராஜாளியிலிருந்துதான் பயணிகள் விமானம் விட்டார்கள். மாமாவை ஐதராபாத் அனுப்ப பஸ்ஸில் போனேன். உள்ளே தூரத்தில் ஒரு டியூ-142 நின்றது. போனை எடுக்கப் போனேன், காவலுக்கு நின்றவர் கையைக் காட்டி வேண்டாம் என்றார். எடுக்கவில்லை. மாமாவுக்கோ பெட்டி வந்ததா என்ற கவலை மட்டும்தான்.

விசாகை வாசி:

கிட்டத்தில் பார்க்க விரும்புகிறவர்கள் இங்கே விசாகப்பட்டினத்துக்கு வாருங்கள். 2017 ஏப்ரலில் ஒன்று அரக்கோணத்திலிருந்து தானே பறந்து வந்தது. பிறகு அதைப் பிரித்து, ராமகிருஷ்ணா கடற்கரைக்குக் கொண்டுவந்து மறுபடி பூட்டினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தார். சாலைக்கு அந்தப் பக்கம் குர்சுரா நீர்மூழ்கி. தேடியதும் தேடப்பட்டதும் எதிரெதிரே நிற்கின்றன.

சோனோபாய்கள், இன்ஜின் எல்லாம் தனியாக வைத்திருக்கிறார்கள். விமானத்துக்குள்ளும் போய்ப் பார்க்கலாம். வெளியே 53 மீட்டர் நீளம், உள்ளே நடைபாதை அவ்வளவு ஒடுக்கம். என் மகள் கேட்டாள், இதில் தூங்குவது எங்கேப்பா என்று. பழைய கடற்படை அண்ணன்தான் பதில் சொல்ல வேண்டும்.

பழைய கடற்படை ஆள்:

தூக்கமா? பாப்பாவிடம் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்துதான்.

தக்கோலத்துக்காரன்:

ராஜாளிக்குள்ளேயே ஒன்றை நினைவாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள், ஓய்வு கொடுத்த அன்று கடற்படைத் தளபதி சுனில் லன்பா திறந்து வைத்தது. வெளியாட்கள் சும்மா போய்ப் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

பி-8ஐ வந்தபிறகு வானம் அமைதியாகிவிட்டது. போயிங் 737-ஐ வைத்துச் செய்தது, சாதாரணப் பயணிகள் விமானம் மாதிரியே போகிறது. வேலையில் அது எத்தனையோ மடங்கு கெட்டிக்காரன், மறுக்கவில்லை. ஆனால் என் பையன் அதைப் பார்க்க மொட்டை மாடிக்கு ஓடுவதில்லை.

88 முதல் 92 வரை டபோலிமில் இருந்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? அந்த நான்கு வருஷத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் எழுதவில்லை.