படித்துவிட்டுப் போவதா, போய்விட்டுப் படிப்பதா: சித்தன்னவாசலில் ஆரம்பித்த பேச்சு

நடைவண்டி:
கல்லூரி நாட்களில் முதல் தடவை சித்தன்னவாசல் சமணக் குகைக்கோயிலுக்குப் போனேன். புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் பஸ், இறங்கி வேகாத வெயிலில் நடை. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து ஓவியம் என்று எங்கோ படித்த ஒரு வரியும், யாரோ புதிதாக வண்ணம் தீட்டி காலண்டரில் போட்டிருந்த நடன மங்கையும்தான் மனசில் இருந்தது. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் பச்சையும் காவியுமாகத் திட்டுத் திட்டாக என்னவோ. அஞ்சு நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன். இதுக்கா இவ்வளவு தூரம் என்று நண்பன் திட்டினான், நானும் மறுக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அம்மாவோடு போனேன். இந்தத் தடவை கொஞ்சம் உருப்படியாகப் படித்திருந்தேன். பல்லவன் கதையெல்லாம் பழைய கணிப்பாம். குகைக்கு வெளியே பாறையிலேயே தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இந்த அறிவர் கோயிலின் அர்த்த மண்டபத்தைப் புதுப்பித்து, முன்னால் ஒரு மண்டபமும் எடுத்ததாகச் சொல்கிறது. வழியெல்லாம் இதையே அம்மாவிடம் அளந்துகொண்டு வந்தேன், அவர் ம் ம் என்றார், அவ்வளவுதான்.

உள்ளே நுழைந்ததும் அங்கே இருந்த காவல்காரர், "வெயில்லேர்ந்து வந்திருக்கீங்க, கண்ணை மூடிட்டு ரெண்டு நிமிஷம் நில்லுங்க, அப்புறம் மேல பாருங்க" என்றார். நின்றோம். கண்ணைத் திறந்தபோது முன்பு நான் கறை என்று நினைத்த அந்தப் பச்சை, குளமாக இருந்தது. மொட்டு, பாதி விரிந்தது, முழுசாக விரிந்தது என்று தாமரைகள், நடுவே மீன், அன்னம், யானை, எருமை. பூப்பறிக்கிற மூன்று ஆண்கள். நான் சமவசரணம் (தீர்த்தங்கரர் உபதேசிக்கும் சபை), பவ்வியர்கள் (அதைக் கேட்கும் அடியார்கள்) என்று ஆரம்பிப்பதற்குள் அம்மா, "டேய், தண்டோட புடுங்கியிருக்கான் பாரு, பூவை மட்டும் கிள்ளலை" என்றார். அவர் பிறந்த ஊர் ஊருணியில் தாமரை உண்டு, சின்ன வயசில் இறங்கிப் பறித்தவர். "எருமையை உள்ள விட்டா கலக்கிடுமே, இது எப்படி இவ்ளோ சாதுவா நிக்குது?" என்றும் கேட்டார். நான் படித்த எதிலும் இதற்குப் பதில் இல்லை.

கருவறையில் நின்று மெல்ல ஓம் என்று இழுத்தால் அறையே திருப்பிச் சொல்கிறது. காதில் கேட்பதை விட நெஞ்சுக்கூட்டில் அதிர்வது அதிகம். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு தடவை செய்து பார்த்தார், அப்புறம் நாலைந்து தடவை. மேலே ஏழடிப்பட்டம் என்கிற, சமணத் துறவிகள் தங்கிய குகைக்கு அவரால் ஏற முடியவில்லை, நான் மட்டும் போய் 17 கல் படுக்கைகளையும் தமிழ் பிராமி எழுத்தையும் பார்த்துவிட்டு அவசரமாக இறங்கினேன், கம்பியில் கை வைக்க முடியாத சூடு.

சரி, இப்போது உங்களிடம் கேட்கிறேன். படித்துவிட்டுப் போவீர்களா, போய்விட்டுப் படிப்பீர்களா?

எழும்பூர்வாசி:
அம்மாவைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, பொறாமையும் வந்தது. நான் போய்விட்டுப் படிக்கிற கட்சி. எழும்பூர் மியூசியத்தின் வெண்கலக் கூடத்துக்குத் திருவாலங்காட்டு நடராஜரைப் பார்க்க எத்தனையோ தடவை போயிருக்கிறேன், பெரும்பாலும் மழைக்கு ஒதுங்கி. ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, பிரெஞ்சு சிற்பி ரோடின் இந்த மியூசியத்து நடராஜர்களைப் பற்றி உருகி எழுதியது முழுக்கப் புகைப்படத்தை மட்டும் வைத்தாம். 1913 வாக்கில் எழுதி, அவர் இறந்த பிறகு 1921இல்தான் அச்சானது. நேரில் பார்த்ததே இல்லை! எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. இத்தனை தடவை எதிரிலேயே நின்றுவிட்டு நான் கவனித்தது ஊன்றிய காலை மட்டும்தான். அவர் எழுதியதைப் படித்த பிறகு போனபோதுதான் சுற்றி வந்து முதுகைப் பார்த்தேன். இடுப்பு லேசாக ஒடிந்து நிற்கிற இடத்தில் முதுகுத்தண்டு ஒரு பள்ளமாக இறங்குகிறது. அதை யாரும் எழுதி நான் படித்ததில்லை.

உப்புக்காற்று:
இரண்டும் இல்லாத ஆள் நான். கொச்சி பினாலே என்கிற கலைக் கண்காட்சிக்கு, 2012இல் ஆரம்பித்தார்களே, அதற்கு முதல் முறை போனபோது ஆஸ்பின்வால் ஹவுஸ் என்கிற கடலோரக் கட்டடத்தில் ஒவ்வொரு அறையிலும் சுவரில் ஒட்டியிருந்த விளக்கத்தை ஒரு வரி விடாமல் படித்தேன், படைப்பைப் பார்க்க நேரமில்லை. சாயங்காலம் கால் வலித்து ஜன்னலோரம் உட்கார்ந்தபோது கப்பல் ஒன்று அவ்வளவு பக்கத்தில் நகர்ந்து போனது. இது யாருடைய படைப்பு என்று ஒரு நொடி சீட்டைத் தேடினேன், நிஜமாகவே!

நடைவண்டி:
கப்பல் விஷயம் பிரமாதம். எழும்பூர்வாசி, அந்த முதுகைப் பார்க்க அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். படித்ததை வழியில் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கிவிட்டார்.

எழும்பூர்வாசி:
தாராளமாக வாருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், விடுமுறை.