போர்நிறுத்த ஒப்பந்தம்: வாசகத்தில் எந்த வரியைப் பார்ப்பது?

கூர்நோக்கு (கேள்வி):

போர்நிறுத்தம் என்று செய்தி வந்தாலே கைகுலுக்கும் படமும் "வரலாற்றுச் சிறப்புமிக்க" என்ற அடைமொழியும்தான் கிடைக்கின்றன. மூன்றாம் நாள் பார்த்தால் யார் முதலில் மீறியது என்று வாக்குவாதம். ஒப்பந்தங்களின் முழு வாசகம் இப்போது பெரும்பாலும் இணையத்திலேயே கிடைக்கிறது. ஆனால் பத்துப் பதினைந்து பக்கத்தில் எந்த வரி முக்கியம், எது வெறும் சம்பிரதாயம் என்று பிடிபடவில்லை. கொரியாவில் சமாதான ஒப்பந்தமே இல்லாமல் எழுபது வருடமாகக் கோடு நிற்கிறது. கிழக்கு உக்ரைன் போரை நிறுத்த எழுதிய மின்ஸ்க் ஒப்பந்தம் மை காய்வதற்குள் கிழிந்தது. "எல்லாம் வல்லரசுகளின் சுயநலம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாமல், வாசகத்தை வைத்தே கணிக்க வழி உண்டா?

வரைகோடு:

முன்னுரையைத் தள்ளிவிட்டு நேராகப் பின்னிணைப்புக்கும் வரைபடத்துக்கும் போங்கள்.

முதலில் நேரம். கொரியாவில் 1953 ஜூலை 27 காலை 10 மணிக்குப் பன்முன்ஜோமில் கையெழுத்து, அன்றிரவு 10 மணிக்கு அமல். கடைசிக் காவல்நிலை வரை கட்டளை போய்ச் சேர அந்தப் பன்னிரண்டு மணி நேரம். அதற்கு மேல் 72 மணி நேரத்துக்குள் இரு தரப்பும் கோட்டிலிருந்து 2 கி.மீ. பின்வாங்க வேண்டும். இரண்டாம் மின்ஸ்க் ஒப்பந்தத்தில் 2015 பிப்ரவரி 12 கையெழுத்து, 15ஆம் தேதி பிறக்கும் நள்ளிரவில் அமல். அப்போது கிழக்கு உக்ரைனின் டெபால்ட்செவே நகரைச் சுற்றிக் கடும் சண்டை நடந்துகொண்டிருந்தது. வாசகத்தில் அந்த ஊரின் பெயரே இல்லை. 18ஆம் தேதி உக்ரைன் படை அங்கிருந்து வெளியேறியது.

அடுத்து, எந்தக் கோடு? அதே ஒப்பந்தத்தின் 2ஆம் புள்ளியைப் படியுங்கள். உக்ரைன் படை கனரக ஆயுதங்களை "இப்போதுள்ள" கோட்டிலிருந்து விலக்க வேண்டும். எதிர்த்தரப்பான ரஷ்ய ஆதரவுக் கிளர்ச்சிப் படையோ 2014 செப்டம்பர் 19இல் எழுதிய முந்தைய மின்ஸ்க் குறிப்பாணையின் கோட்டிலிருந்து விலக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கிடப்பது அந்த ஐந்து மாதத்தில் கைமாறிய நிலம். அது யாருடையது என்ற கேள்வியை எழுதியவர்கள் தொடவேயில்லை.

இதைவிடப் பழைய உதாரணம் 1949 கராச்சி ஒப்பந்தம். காஷ்மீர்க் கோட்டை ஊர் ஊராக, மேடு மேடாக விவரித்துவிட்டு என்ஜே9842 என்ற வரைபடப் புள்ளிக்கு வந்ததும் "அங்கிருந்து வடக்கே பனியாறுகள் வரை" என்று முடித்துவிட்டார்கள். ஆள் போகாத இடம்தானே என்ற நினைப்பு. 1972இல் கோட்டை மறுபடி வரைந்தபோதும் அதே புள்ளியோடு நின்றுகொண்டார்கள். வடக்கு என்றால் சால்டோரோ முகடு வழியாக என்கிறது இந்தியா. காரகோரம் கணவாய் நோக்கி வடகிழக்காக என்கிறது பாகிஸ்தான். 1984 ஏப்ரலில் இடையிலுள்ள சியாச்சின் பனியாற்றில் இந்தியப் படை ஏறியது. அங்கே குண்டடிபட்டுச் செத்தவர்களைவிடக் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் பலியானவர்கள் அதிகம். 2003 நவம்பரிலிருந்து துப்பாக்கி ஓய்ந்தும் படை இறங்கவில்லை: இப்போதைய நிலைகளை முதலில் வரைபடத்தில் குறித்துக் கையெழுத்திடு என்கிறது ஒரு தரப்பு, மற்றது மறுக்கிறது.

பிறகு ஆயுத அளவு. மின்ஸ்கில் 100 மி.மீ. மற்றும் அதற்கு மேற்பட்ட பீரங்கிக்கு 50 கி.மீ. இடைவெளி, அதாவது பக்கத்துக்கு 25. சாதாரண 122 மி.மீ. பீரங்கி சுமார் 15 கி.மீ. சுடும் என்பதால் கணக்கு சரிதான். பல்குழல் ராக்கெட்டுக்கு 70, பெரிய ரகங்களுக்கு 140. ஆனால் டாங்கிகளுக்கும் சிறு மோட்டார்களுக்கும் தனித் தாள் 2015 செப்டம்பர் இறுதியில்தான் வந்தது. பட்டியலில் எது விடுபட்டதோ அதை வைத்தே அடுத்த சண்டை நடக்கும்.

பனையோலை:

வரைகோடு சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கண்காணிப்பாளர் என்ற சொல்லைப் பார்த்ததும் நிம்மதி அடையாதீர்கள். பார்ப்பது, தீர்ப்புச் சொல்வது, தண்டிப்பது மூன்றும் தனித்தனி வேலை. கிழக்கு உக்ரைனின் டொன்பாஸில் ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் குழு வெடிச்சத்தங்களை எண்ணி நாள்தோறும் அறிக்கை போட்டது. ஆயுதமில்லாத குழு, ரோந்து பெரும்பாலும் பகலில்தான். ட்ரோன்களின் சிக்னலை முடக்குவதும் வழக்கமானது. அதற்கும் மேல், குழுவின் ஆயுளை நீட்டிக்க 57 உறுப்பு நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். ரஷ்யாவும் அதில் ஒன்று. 2022 மார்ச் 31ஓடு அனுமதி முடிந்தது.

இலங்கையில் 2002 பிப்ரவரி புரிந்துணர்வு உடன்படிக்கை தரையில் தெளிவாகவே இருந்தது: முன்னரங்க நிலைகளுக்கு நடுவே குறைந்தது 600 மீட்டர். கடலில் யார் எதுவரை போகலாம் என்பதற்கு அப்படி ஒரு அளவே கிடையாது; ஓயாத தகராறு அங்கேதான். கண்காணிப்புக் குழு ஐந்து நார்டிக் நாடுகளின் ஆட்களால் ஆனது. விளக்கம் சொல்லும் இறுதி அதிகாரம் அதன் தலைவருக்கு உண்டு, அமல்படுத்தும் கை கிடையாது. 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்ததும், ஒன்றிய நாட்டவர் வெளியேற வேண்டும் என்று புலிகள் கேட்டார்கள். சுவீடன், பின்லாந்து, டென்மார்க் போயின. நார்வேயும் ஐஸ்லாந்தும் மிச்சம். எங்கோ எடுத்த ஒரு வெளியுறவு முடிவு களத்திலிருந்த கண்களைப் பாதிக்கு மேல் மூடிவிட்டது. உங்கள் "சுயநலம்" என்ற சொல்லுக்குள் இந்த மாதிரி அஜாக்கிரதை அடங்காது.

எதிர் உதாரணம் இந்தோனேசிய அரசும் பிரிவினைக் கிளர்ச்சியாளர்களும் மோதிய ஆச்சே மாகாணம். 2002 டிசம்பர் உடன்பாட்டில் ஆயுதங்களை ஓரிடத்தில் "வைப்பது" என்றால் என்ன என்பதிலேயே ஒத்துப்போகவில்லை. 2003 மே மாதத்தில் ராணுவச் சட்டம். 2005 ஆகஸ்ட் ஹெல்சின்கி ஒப்பந்தம் எண் போட்டே எழுதியது: கிளர்ச்சியாளர்கள் ஒப்படைக்க வேண்டியவை 840 ஆயுதங்கள், நான்கு கட்டம், செப்டம்பர் 15இல் ஆரம்பம், டிசம்பர் 31க்குள் முடிவு. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஈடாக, மாகாணத்துக்கு வெளியிலிருந்து வந்த அரசுப் படையும் காவல்துறையும் வெளியேற வேண்டும். தகுதியில்லாத ஆயுதத்தை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. ஏற்றவற்றை எல்லார் கண்முன்னும் அறுத்தார்கள். தகராறு வந்தால் கண்காணிப்புத் தலைவரின் முடிவு இருவரையும் கட்டுப்படுத்தும் என்று வாசகமே சொன்னது. சுனாமியின் அடி இரு தரப்பையும் மேசைக்குத் தள்ளியது உண்மைதான், ஆனாலும் சுனாமி மட்டும் அந்த 840ஐ எண்ணிவிடாது.

கூர்நோக்கு:

தெளிவாகிறது, நன்றி. ஒரு சந்தேகம்: ஆயுதம் விற்பவரே உத்தரவாதம் தருபவராகவும் இருந்தால்?

உப்பளம்:

இருக்கலாம், வேலையும் செய்யலாம். எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் நடுவிலுள்ள சினாய் தீபகற்பம் அப்படித்தான். 1967 மே மாதம் எகிப்து போகச் சொன்னதும் ஐ.நா. படை கிளம்பியது, மூன்று வாரத்துக்குள் போர். அந்த அனுபவத்தால் 1979 எகிப்து–இஸ்ரேல் உடன்படிக்கையின் 4ஆம் ஷரத்தில், ஐந்து நிரந்தர உறுப்பினர்களின் ஆதரவு வாக்கோடு பாதுகாப்பு கவுன்சில் சம்மதித்தால் ஒழியப் படையை விலக்கக் கூடாது என்று எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்த ஐ.நா. படை வரவேயில்லை. சோவியத் எதிர்ப்பால் கவுன்சிலில் வழி அடைபட்டது. 1982இல் ஐ.நா.வுக்கு வெளியே பன்னாட்டுப் படை ஒன்றை நிறுத்தினார்கள். செலவை அமெரிக்கா, எகிப்து, இஸ்ரேல் மூன்றும் பங்கிட்டன. அமெரிக்கா இரு தரப்புக்கும் ஆயுதம் கொடுத்துக்கொண்டேதான் இருந்தது. ஆனால் எகிப்துக்கு நிலம் திரும்பக் கிடைக்கும் தேதி தாளில் இருந்தது, 1982 ஏப்ரலில் கிடைத்தும்விட்டது.

எனக்கு அதைவிட முக்கியம் வரிசை. மின்ஸ்கின் 9ஆம் புள்ளிப்படி உள்ளூர்த் தேர்தல் முடிந்த மறுநாள்தான் எல்லைக் கட்டுப்பாடு கீவுக்குத் திரும்பத் தொடங்கும். எல்லை கையில் இல்லாமல் தேர்தலா என்றது ஒரு தரப்பு, தேர்தல் இல்லாமல் எல்லையா என்றது மற்றது. ஏழு வருடம் அங்கேயே நின்றது. அங்கோலாவில் 1992 செப்டம்பரில் அரசு, கிளர்ச்சியாளர் இரு படைகளும் முழுதாகக் கலையும் முன்பே வாக்குப்பதிவு. கண்காணிக்க ஐ.நா. ராணுவப் பார்வையாளர்கள் வெறும் 350 பேர். தோற்ற தரப்பிடம் படை இருந்தது, போருக்குத் திரும்பியது. அதைப் பார்த்த பிறகு மொசாம்பிக்கில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட படையை அனுப்பி, தேர்தலை ஒரு வருடம் தள்ளி, படைகளைக் கலைத்த பின் 1994 அக்டோபரில் நடத்தினார்கள். இதற்குப் பணமும் பொறுமையும் வேண்டும். தூதர்களுக்கோ படத்துக்கு ஒரு தேதி வேண்டும்.

ஆனால் வரைகோடு வாசகத்தை ரொம்ப நம்புகிறார். கொரியாவில் புது ரக ஆயுதம் கொண்டுவரக் கூடாது என்ற 13(ஈ) பிரிவை 1957இலேயே அமெரிக்கா கைவிட்டது. கோடு நின்றது வாசகத்தால் மட்டுமில்லை, இருபுறமும் குவிந்த படைபலத்தாலும்தான்.

வரைகோடு:

மறுக்கவில்லை. இருந்தாலும் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள். இலங்கை உடன்படிக்கையை 14 நாள் முன்னறிவிப்போடு எந்தத் தரப்பும் முடிக்கலாம். 2008 ஜனவரி 2இல் அரசு அறிவித்தது, 16இல் முடிந்தது. கொரிய ஒப்பந்தத்தில் அப்படி ஒரு கதவே கிடையாது. இரு தரப்பும் ஏற்ற திருத்தமோ அரசியல் தீர்வோ வரும்வரை செல்லும் என்கிறது 62ஆம் பத்தி. 2013இல் வட கொரியா செல்லாது என்று அறிவித்தபோது, தனியாக ரத்து செய்ய முடியாது என்று ஐ.நா. தரப்பு பதில் சொல்ல முடிந்தது.