மறு: ஆவணப்படக் குறிப்பில் ‘கோரல் மியூசிக்’ – குழு இசையா, சேர்ந்திசையா?

வணக்கம். ‘கோரல் மியூசிக்’, அதாவது பலர் சேர்ந்து பாடும் இசை, ஆவணப்படத்தின் குறிப்பு வரியில் வரும்போது தமிழில் எப்படி எழுதுவது என்ற கேள்விக்கு என் பதில் இது. உங்கள் கருத்துகளை மேற்கோளாகக் காட்டியிருக்கிறேன்.

> ‘நாடகத்தனமான குழு இசை’ என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

முடியாது ஐயா. இது எங்கே வரப்போகிறது என்று பாருங்கள். புயலைப் பற்றிய தொலைக்காட்சி ஆவணப்படம். காது கேளாதவர்கள் படிப்பதற்காகத் திரையின் அடியில் ஓடும் வரி. தேவனாம்பட்டினக் கரையில் அலை எழும்பும்போது ஆண்குரல்கள் கீழே இழுத்துப் பிடிக்க, பெண்குரல்கள் மேலே ஏற, முரசு அதிர்கிறது. அங்கே ‘நாடகத்தனமான’ என்று போட்டால் ‘போலியான’ என்றுதான் படிப்பார்கள். தமிழில் அது வசவுச் சொல்லாகி எவ்வளவோ காலமாயிற்று. நடப்பதை அப்படியே சொல்லலாம்: [சேர்ந்திசை ஓங்கி எழுகிறது].

‘குழு இசை’ எனக்குச் சரிப்படவில்லை. நாலு பேர் நாதஸ்வரமும் தவிலும் வாசித்தாலும் குழு இசைதான். இங்கே புதுச்சேரியில் ஜென்மராக்கினி மாதா கோவில் பக்கம் கேட்டால் ‘பாடகர் குழு’ என்பார்கள், இளசுகள் ‘கொயர்’ என்பார்கள். இரண்டும் பாடுகிறவர்களைக் குறிப்பவை, பாட்டை அல்ல. ‘கோரஸ்’ சினிமாவில் முன்பாடகருக்குப் பின்னால் வரும் குரல்களாகிவிட்டது. அதற்கு நம் தெருக்கூத்திலேயே ‘பின்பாட்டு’ இருக்கிறது. கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கூத்து பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். முன்னால் ஒருவர் பாடினால் பின்பாட்டு, கூட்டமே பாட்டாக இருந்தால் சேர்ந்திசை. இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

> சேர்ந்திசை என்றால் எல்லோரும் ஒரே மெட்டில் பாடுவது போல் இருக்கிறதே?

பழகாதவரை அப்படித் தோன்றும். ஆனால் இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் சென்னையில் இளைஞர்களைத் திரட்டி, பாரதி பாடல்களைப் பல குரல் அடுக்குகளில் பாடவைத்ததற்கே இந்தச் சொல்தானே வழங்கியது? ஒரு அடுக்கைத் தனியாகச் சுட்ட வேண்டிவந்தால் சோப்ரானோ (உச்சப் பெண்குரல்), டெனர் (உயர்ந்த ஆண்குரல்) என்றே எழுதிவிடலாம். குறிப்பு வரியில் அதற்கு இடமும் இல்லை, தேவையும் இல்லை.

அப்புறம், படத்தில் பாடப்படும் லத்தீன் வரிகளை ஒலிபெயர்த்துத் தர வேண்டுமா என்று நம்மில் ஓர் அம்மா கேட்டிருந்தார்கள். வேண்டாம் என்பேன். 1937இல் பிராங்க்பர்ட்டில் அரங்கேறிய ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃபின் ‘கார்மினா புரானா’ என்ற சேர்ந்திசைப் படைப்பின் பாணி இசையை இப்படிப் படங்களில் சேர்ப்பதற்கு ஒரு வசதியும் உண்டு: சொல் புரியாததால் வர்ணனையோடு மோதாது. கேட்கிறவருக்கே புரியாததைப் படிக்கிறவர் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தால் அலையைத் தவறவிடுவார். அதன் தொடக்கப் பாட்டு இடிபோல் ஆரம்பித்து, சட்டென்று கிசுகிசுப்பாக அடங்கி, மறுபடி ஏறும். நம் படத்திலும் அதே ஏற்ற இறக்கம்தான். ஆகவே முதல் முறை [லத்தீன் மொழிச் சேர்ந்திசை], பிறகு [சேர்ந்திசை தணிகிறது], [மீண்டும் ஓங்குகிறது]. வார்த்தையைவிட இந்த ஏற்ற இறக்கம்தான் படிப்பவருக்கு வேண்டும்.

ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், இல்லையென்றால் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். ‘ஹம்மிங்’ மட்டும் அப்படியே இருக்கட்டும். ‘முனகலிசை’ என்றால் காய்ச்சலில் படுத்திருப்பவர் ஞாபகம்தான் வருகிறது.