நடையை வைத்து அடையாளம் கண்ட விடுதித் தோழன்

காலை நடைக்கு வருபவர்களில் ஒரே திசையில் செல்பவர்களின் முகம் நமக்குத் தெரிவதில்லை. முதுகும் நடையும்தான் பழகிப்போகின்றன. எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த ஒருவர், இடது தோளைச் சற்றே தாழ்த்தி, வலது கையை மட்டும் வீசிக்கொண்டு, முதல் மணி அடித்துவிட்டது போன்ற அவசரத்துடன் நடப்பதைக் கண்டபோது, இந்த நடையை விடுதித் தாழ்வாரத்தில் பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. எட்டி நடந்து பக்கவாட்டில் பார்த்தேன். தலை முழுவதும் நரைத்துக் கன்னம் ஒட்டிப்போயிருந்த அந்த முகத்தை மட்டும் பார்த்திருந்தால் கடந்து போயிருப்பேன். எதிர் அறையில் மூன்றாண்டுகள் இருந்தவன் அவன்.

இது தற்செயல் அன்று என்பதை, ஜேம்ஸ் கட்டிங், லின் கோஸ்லோவ்ஸ்கி என்ற இருவர் 1977இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தபோது புரிந்துகொண்டேன். ஒருவரையொருவர் நன்கறிந்த சிலரின் உடல் மூட்டுகளில் ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டைகளை ஒட்டி, முகமும் உடையும் தெரியாமல் ஒளிப்புள்ளிகள் மட்டுமே அசையும்படி அவர்கள் நடப்பதைப் படம்பிடித்து, பிறகு அவர்களிடமே காட்டி யார் என்று கேட்டிருக்கிறார்கள். எல்லா முறையும் விடை சரியாக அமையவில்லை என்றாலும், குருட்டாம்போக்கில் சொல்வதைவிடத் தெளிவாகவே கூடுதலாகச் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான சந்திப்பும் ஒன்று உண்டு. எதிர்த் திசையில் வரும் ஒருவரும் நானும் வெகுநாள் புன்னகைத்துக்கொண்டே கடந்தோம். முகம் தெரிந்த முகம், பெயர் மட்டும் இருவருக்கும் வரவில்லை, கேட்கவோ கூச்சம். ஒருநாள் அவரே நின்று, "வேதியியல் ஆய்வகத்தில் குடுவையை உடைத்தவர் நீங்கள்தானே?" என்று கேட்டார். உடைத்தவன் எனக்குப் பக்கத்தில் நின்றவன்; ஆனால் அவர் நினைவில் அந்தப் பழி என் முகத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஹாரி பாரிக் தன் சகாக்களுடன் 1975இல் வெளியிட்ட ஆய்வில், 392 பேரிடம் பள்ளித் தோழர்களைப் பற்றிக் கேட்டபோது, ஏறத்தாழ 35 ஆண்டுகளுக்குப் பின்னும் புகைப்படத்தில் முகங்களைப் பத்துக்கு ஒன்பது என்ற அளவில் இனங்கண்டார்கள். எந்தத் துணையும் இன்றிப் பெயர்களைச் சொல்லச் சொன்னபோதோ வெகுவாகத் தடுமாறினார்கள். எங்கள் கூச்சம் தேவையற்றது என்று அதைப் படித்தபின் தெரிந்தது.

விடுதித் தோழனும் நானும் இப்போது சேர்ந்தே நடக்கிறோம். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார அமைப்பு. பேச முடியும், பாட முடியாது என்ற அளவில் மூச்சு இருந்தால் அதுவே மிதமான வேகம் என்பார்கள். சற்று மெதுவாகப் போனால் இவன் பாடத் தொடங்கிவிடுவான் என்பதால் வேகத்தைக் குறைக்க நான் விடுவதில்லை.

பழைய மாணவர் சந்திப்புகளில் எதிரெதிரே அமர்ந்து பேசும்போது, பேச்சு விரைவிலேயே பதவிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் போய்விடுகிறது. பக்கத்தில் நடப்பவரிடம் அப்படி நேர்வதில்லை. கண் பாதையில் இருப்பதால் எதிராளியின் முகக்குறிப்பைக் கவனிக்க வேண்டியதில்லை, இடையில் மௌனம் வந்தாலும் அதை நிரப்பும் கடமை யாருக்கும் இல்லை. இறுதியாண்டுத் தேர்வுக்கு முந்தைய இரவு, படிப்பே வேண்டாம் என்று பெட்டியைக் கட்டி வைத்திருந்ததாக அவன் சொன்னதும் அப்படியொரு நடையில்தான். நான் அறைக்குள் வந்து, பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், விடியும்வரை விளக்கை அணைக்காமல் பாடத்தைச் சொல்லிக்கொடுத்ததாகவும், அதனால்தான் தேர்வு எழுதினான் என்றும் சொன்னான். என் நினைவிலோ அந்த இரவு வேறு: பாடம் ஏறாமல் தவித்தது நான், சொல்லிக்கொடுத்தது அவன், பெட்டியை நான் பார்த்ததே இல்லை.

நாற்பதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், ஏறக்குறைய 10 முதல் 30 வயதுவரையிலான காலமே பெரும்பங்கு பிடிக்கும் என்பது உளவியலாளர்கள் பலமுறை கண்டறிந்தது. முதன்முறையாக நிகழ்பவை அந்த வயதில்தான் அதிகம் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. நிறைய நினைவிருப்பது வேறு, சரியாக நினைவிருப்பது வேறு என்பதை நாங்கள் இருவரும் தினமும் நிரூபித்துக்கொண்டிருக்கிறோம். யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தது என்ற வழக்கு தீராமல் நடந்துகொண்டிருக்க, குடுவைப் பழியைச் சுமத்திய அந்த நண்பரும் அண்மையில் எங்களோடு சேர்ந்துகொண்டார். அதே விடுதியின் கீழ்த்தளத்தில் இருந்தவராம். அன்றிரவு விடுதி முழுவதும் மின்சாரமே இல்லை என்று அவர் அடித்துச் சொல்கிறார்.