வயல் நடுவே வட்ட மேடு: இயற்கையா, பழைய மண்கோட்டையா?

சித்தவுங்கரை
வணக்கம். மியன்மாரில் (பர்மா) டவுங்கூ ஊருக்குத் தெற்கே, சித்தவுங் ஆற்றுக்குக் கொஞ்சம் தள்ளி, நெல்வயல் நடுவே வட்டமாக ஒரு மேடு. உயரம் 4 மீட்டர்; குறுக்களவு அடிப்பகுதியில் 30 மீட்டர், தட்டையான உச்சியில் 12 மீட்டர். சுற்றிலும் 6 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் பள்ளம். உச்சியில் சின்னப் பகோடா (புத்தக் கோயில்). அனவ்ரட்டா மன்னர் 11-ஆம் நூற்றாண்டில் கிழக்கு மலையடிவாரத்தில் 43 கோட்டைகள் அமைத்ததாகப் பர்மிய அரச வரலாறுகள் சொல்கின்றன. அதில் ஒன்று இது என்று ஊரில் பேச்சு. தென்சரிவில் மண் வெட்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தோண்டாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

மண்கணக்கு
ஐயா, முதலில் கன அளவைப் பாருங்கள். ஆள் குவித்த மேடென்றால் மண் பக்கத்திலிருந்துதான் வந்திருக்கும், பெரும்பாலும் சுற்று அகழியிலிருந்து. நீங்கள் தந்த அளவில் மேடு சுமார் 1,470 கன மீட்டர். பள்ளத்தின் குறுக்குவெட்டை முக்கோணமாக எடுத்தால் பரப்பு 4.5 சதுர மீட்டர், நடுக்கோட்டுச் சுற்றளவு 113 மீட்டர், ஆக 500 கன மீட்டர் சொச்சம். மூன்றில் ஒரு பங்குதான் தேறுகிறது.

அதனால் இயற்கை மேடு என்று ஒதுக்கிவிடாதீர்கள். மழையில் சரிவு கரைந்த மண்ணும் வெள்ள வண்டலும் அகழியில்தான் போய்ச் சேரும். 8 மீட்டர் அகலமும் 3 மீட்டருக்குச் சற்று மேல் ஆழமும் ஆதியில் இருந்திருந்தால் கணக்கு நேராகிவிடும். அதை அறியக் கையால் மண்ணைத் துளைத்தெடுக்கும் கைத்துளைப்பான் போதும், ஆனால் தொல்லியல் துறை அனுமதியோடு. மேலே சாம்பல் நிறச் சேறும் கரித்துணுக்கும் வந்து, சட்டென்று கெட்டியான மஞ்சள் மண் தட்டினால் அது வெட்டிய அடித்தளமாக இருக்கலாம். நிறம் கொஞ்சம் கொஞ்சமாக மாறினால் ஆள் வெட்டியது என்று சொல்ல முடியாது.

வண்டல்
கணக்கை விட அந்தத் தென்சரிவு வெட்டுதான் பெரிய சாட்சி. இன்றே படம் எடுத்து வையுங்கள், அளவுகோல் தெரியும்படி. காலை வெயில் ஏறுமுன், முகப்பில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் நிறங்கள் பிரிந்து தெரியும். வயல்மட்டத்தில், மேட்டுக்கு அடியில், கருப்பான ஒரு பட்டை ஓடுகிறதா? அது பழைய மேல்மண். அதற்கு மேல் அடிமண் கட்டிகளும் மேல்மண்ணும் திட்டுத் திட்டாகக் கலந்து கிடந்தால், கூடை கூடையாகக் கொட்டிய மண், சந்தேகமே வேண்டாம். சீரான மெல்லிய அடுக்குகள் அறுபடாமல் ஓடி, கருப்புப் பட்டையே இல்லையென்றால் ஆறு போட்ட படிவு.

ஆற்றின் இயற்கைக் கரைமேடு நீளமாக, ஆற்றோடு போகும், வட்டமாக நிற்காது. ஆனால் பழைய கால்வாய் இருபுறமும் வளைத்து வெட்டிய எச்சம் வட்டமாகத் தெரியலாம். அப்படியானால் பள்ளம் முழு வளையமாக இராது, ஒரு பக்கம் வயலோடு கலந்துவிடும். பிப்ரவரி, மார்ச்சில், அறுவடைக்குப் பின் எடுத்த செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள். தூர்ந்த அகழி ஈரம் பிடித்துவைப்பதால் மற்ற இடம் காய்ந்த பிறகும் பச்சையாக இருக்கும்.

பெகு வாசகன்
இயற்கை, கோட்டை என்று இரண்டே வழி இல்லை. இடிந்த தூபியா என்று பாருங்கள்: உள்ளே செங்கல் இருக்கும், உச்சி நடுவே புதையல் தேடியவர்கள் தோண்டிய குழி இருக்கும். ரயில் பாதைக்கு அருகில் என்றால் மண் எடுத்த குழிகளும் எஞ்சிய மேடுகளும் வரும், ஆனால் அவை நேர்க்கோட்டில் நிற்கும். 1942–45 போர்க்காலப் பதுங்குகுழிகளும் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. மத்திய மியன்மாரின் மின்பூவில் சேற்று எரிமலை மேடுகளே தூபி போல நிற்கின்றன; அவற்றுக்கு உச்சியில் வாய் இருக்கும், சுற்று அகழி இருக்காது.

உச்சியிலுள்ள பகோடாவை வைத்து மேட்டுக்குக் காலம் சொல்லாதீர்கள். இங்கிலாந்தில் மார்ல்பரோ மேடு 19 மீட்டர் உயரம். 11-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் தங்கள் கோட்டைக்காகக் குவித்தது என்றே பலர் நம்பினார்கள். உள்ளே துளைத்தெடுத்த கரியின் காலத்தைக் கணித்தபோது ஏறத்தாழ கி.மு. 2400 என்று 2011-இல் தெரிந்தது. நார்மன்கள் பழைய மேட்டின்மேல் கோட்டை கட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

சித்தவுங்கரை
கருப்புப் பட்டை தெரிகிறது அண்ணே, வயல்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே. மேலே மஞ்சள் கட்டிகள்.

வண்டல்
வயல்மட்டம் வண்டலால் உயர்ந்திருக்கும். ஒரு சாண் கீழே இருப்பது சரிதான். ஆள் குவித்த மேடு. கோட்டையா, தூபியின் மேடையா என்பது இன்னும் தெரியாது, காலமும் தெரியாது. அந்தப் பட்டையில் உள்ள கரியைக் கையால் தொடவேண்டாம், துறை ஆட்களே எடுக்கட்டும். முதலில் ஊர்ப் பெரியவரிடம் பேசி மண் எடுப்பதை நிறுத்துங்கள். வெட்டு இன்னும் 2 மீட்டர் உள்ளே போனால் பகோடாவின் அடியே சரியும்.